ஆவடிக்கு ஒரு வக்காலத்து

நான் குடியிருப்பது வேப்பம்பட்டில். சென்னை சென்ட்ரலில் திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் ஏறினால், திருநின்றவூருக்கு அடுத்த ஸ்டேஷன். ஊரின் பெயரைச் சொன்னதும் "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். இதில் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. தெரியாத ஊரை யாரும் கேலி செய்வதில்லை. கேலிக்கு ஆளாவதற்கும் கொஞ்சம் பிரசித்தி வேண்டியிருக்கிறது. எங்கள் ரயில் பாதையில் அந்தப் பிரசித்தி ஆவடிக்குத்தான் வாய்த்திருக்கிறது.

சென்ற தை அமாவாசையன்று சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவிக்கப் போகிற கூட்டம் வண்டி முழுவதும் நிறைந்திருந்தது. அமாவாசையன்று அங்கே குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் கரையும் என்பது ஐதிகம். எங்களுக்கு எதிரே மயிலாப்பூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவரும் அவருடைய மருமானும் உட்கார்ந்திருந்தார்கள். 'எங்களுக்கு' என்று சொன்னேன். என்னுடன் அடுத்த வீட்டு நண்பரும் இருந்தார். அவர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் பிட்டராக முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர்.

வண்டி ஆவடியில் நின்றது. பெரியவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஆவடியா? இதுவும் ஒரு பேரா! பட்டாளத்தான் இங்கிலீஷ் எழுத்து அஞ்சைக் கோத்து வச்ச பேருடா இது. ஆர்மர்டு வெஹிகிள்ஸ் அண்டு அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா. முதல் எழுத்தா எடுத்துக்கோ, ஆவடி வந்துடும். அதுக்கு முன்னாடி இங்கே என்ன இருந்தது? பொட்டல். இப்ப என்ன இருக்கு? டாங்கி, தூசி, கொசு. ஒரு கோயில் உண்டா, ஒரு கதை உண்டா?"

மருமான் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். என் நண்பர் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேப்பம்பட்டில் இறங்கி நடக்கும்போது அவர் சொன்னார்: "சார், நீங்க எழுதறவர். ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்."

"உங்களைவிட ஆவடியை எனக்கா அதிகம் தெரியும்? நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா பென்ஷன்காரன் புலம்பல்னு போயிடும். அந்தப் பெரியவர் சொன்னது எனக்கு வருத்தமில்லே. எங்க பேத்தி காலேஜிலே அவங்கவங்க சொந்த ஊர்ச் சரித்திரத்தை எழுதிக் கொண்டு வரச் சொன்னாங்களாம். அது பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஆவடி குவார்ட்டர்ஸ்லே. ஆனா காஞ்சீபுரத்தைப் பத்தி எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கு. ஒரே ஒரு தடவை புடவை எடுக்கப் போன ஊர் சார் அது!"

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காரணம், நானும் குற்றவாளி. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கதை எழுதினேன். கதாநாயகிக்குப் பிடிக்காத வரன் ஒருவனுக்கு ஊர் தேட வேண்டியிருந்தது. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் 'ஆவடி' என்று எழுதிவிட்டேன். வாசகர்களும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்கள். தொழில் செய்கிற ஊர்களைப் பழிப்பதில் கதாசிரியர்களுக்குப் பழைய பாத்தியதை உண்டு. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1854-ல் 'ஹார்டு டைம்ஸ்' எழுதியபோது, கோக்டவுன் என்று ஓர் ஆலை ஊரைக் கற்பனை செய்து அதில் புகையையும் சாயக் கழிவையும் நிரப்பினார். ஆனால் அவருடைய கோபம் முதலாளிகள் மேல். அங்கே உழைத்த ஜனங்கள் மேல் அவர் இரக்கத்தைத்தான் கொட்டினார். நானோ அந்த வேலையைக்கூடச் செய்யவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையை ஒரு பிராயச்சித்தமாகவே வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பெயர் விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம்.

அந்த இங்கிலீஷ் தொடரில் ஏழு வார்த்தைகள் இருக்கின்றன. 'அண்டு', 'ஆஃப்' என்ற இரண்டையும் தள்ளினால்தான் ஐந்து எழுத்து மிஞ்சுகிறது. பட்டாளத்துத் தேர்வில் மார்பளவு போதாமல் அவை இரண்டும் திருப்பி அனுப்பப்பட்டன போலும்! இது மட்டும் அல்ல. கவச வாகனம் என்று சொல்லப்படும் டாங்கி ஆவடியில் தயாராகத் தொடங்கியது 1960-களில்தான். கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டதே 1961-ல். ஆனால் 1955 ஜனவரியிலேயே 'ஆவடி' என்ற பெயர் தேசம் முழுவதும் பத்திரிகைகளில் அடிபட்டது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பிள்ளை பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்பே அவனுடைய பெயரைத் தகப்பன் வைத்துக்கொண்டான் என்றால் நம்ப முடியுமா?

"டாங்கித் தொழிற்சாலை பிறகு வந்திருக்கலாம். இரண்டாவது உலக யுத்தத்தின்போதே ராணுவம் இங்கே வந்துவிட்டதே?" என்று கேட்கலாம். வந்தது வாஸ்தவம். தளமும் டிப்போக்களும் போட்டது. பட்டாபிராமில் 'மிலிட்டரி சைடிங்' என்று ஒரு ரயில் நிலையத்தின் பெயரே அந்தப் பழைய உறவைச் சொல்லும். ஆனால் பட்டாளம் வந்து இறங்கியது பெயரில்லாத பொட்டலில் அல்ல. சுற்றிலும் உள்ள பெயர்களைப் பாருங்கள்: பருத்திப்பட்டு, கோவில்பதாகை, விளிஞ்சியம்பாக்கம், மிட்டனமல்லி, சேக்காடு, தண்டுரை. இத்தனை அழகான தமிழ்ப் பெயர்களுக்கு நடுவே ஓர் ஊர் மட்டும் பெயரில்லாமல் உட்கார்ந்துகொண்டு, இங்கிலீஷ்காரன் வந்து நாமகரணம் செய்யட்டும் என்று காத்திருந்ததா? 'ஆ' என்றால் பசு. மாடுகள் மேய்ந்த ஊர் ஆகையால் ஆவடி என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடியபோது, இந்த மேய்ச்சல் நிலத்தின் வழியாகத்தான் புகை விட்டுக்கொண்டு போயிற்று. டாங்கி பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்திய சமாசாரம் இது.

வேடிக்கையாகப் பெயர்க் காரணம் கட்டுவது மனிதனுக்கு ஒரு பொழுதுபோக்கு. 'நியூஸ்' என்ற சொல் நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நான்கு திசைகளின் முதல் எழுத்தால் ஆனது என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னார்கள். புதியது என்ற பொருளில் வந்த சாதாரணச் சொல் அது. நானும் கட்டலாம். தண்டு என்றால் படை. படை உறைந்த ஊர் தண்டுரை. ஆகவே பல்லவர் காலத்திலேயே இங்கே ஒரு கன்டோன்மென்ட் இருந்தது என்று அடித்துச் சொல்லலாம். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அது சரித்திரம் ஆகாது. ஆகையால் அந்த ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.

1955-க்கு வருவோம்.

அந்த ஜனவரியில் இந்திய தேசிய காங்கிரஸின் 60-வது மகாசபை ஆவடியில் கூடிற்று. சத்தியமூர்த்தி நகர் என்று பந்தலுக்குப் பெயர். தலைமை வகித்தவர் தேபர். பிரதம மந்திரி நேரு வந்திருந்தார். சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாகி ஒரு வருஷம்கூட நிறையாத காமராஜ், விருந்தினரை வரவேற்கும் வீட்டுக்காரராக நின்றார். நாட்டின் திட்டங்கள் எல்லாம் சோஷலிச பாணிச் சமுதாயம் ஒன்றை அமைக்கும் நோக்கத்துடன் இருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. மறு வருஷம் வந்த தொழிற்கொள்கையும், இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டமும் அந்தத் தீர்மானத்தின் வழியிலேயே நடந்தன. பெரிய யந்திரத் தொழில்களைச் சர்க்காரே ஏற்று நடத்த வேண்டும் என்பது நாட்டின் கொள்கையாயிற்று.

அன்று முதல் 'ஆவடி' என்பது ஒரு கொள்கையின் பெயர். 'ஆவடி சோஷலிசம்' என்று புகழ்ந்தவர்களும் உண்டு, பழித்தவர்களும் உண்டு. சர்க்கார் கையில் இத்தனை அதிகாரம் சேர்ந்தால் நாடு பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யமாகிவிடும் என்று ராஜாஜி எச்சரித்தார். 1959-ல் தனியாகச் சுதந்திராக் கட்சியையே தொடங்கினார். அவர் பயந்ததில் எவ்வளவோ நடக்கவும் நடந்தது. 1991-ல் தேசம் வேறு பாதைக்குத் திரும்பியது. இவற்றில் யார் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. சுதந்திர இந்தியா தன்னை எப்படி அமைத்துக்கொள்வது என்று முப்பது நாற்பது வருஷம் நடத்திய வாதத்துக்கு ஓர் ஊரின் பெயர் முத்திரையாக விழுந்தது; அந்த ஊர் ஆவடி. பம்பாய்க்கும் டில்லிக்கும் கிடைத்திருக்கக்கூடிய அந்த மரியாதை நம்முடைய மின்சார ரயில் நிற்கிற ஸ்டேஷனுக்குக் கிடைத்தது. 'ஒரு கதை உண்டா?' என்று கேட்டாரே மயிலாப்பூர்ப் பெரியவர்!

தீர்மானம் போடுவது எளிது. பந்தலைப் பிரித்த பிறகு அதே ஊரில் அதை இரும்பில் செய்து காட்ட வேண்டியிருந்தது. அந்த வகையில் ஆவடியின் அதிருஷ்டம் விசித்திரமானது. சர்க்கார் தொழில் என்ற கொள்கை பேசப்பட்ட ஆறாவது வருஷம், 1961-ல், அந்தக் கொள்கையின் மிகப் பெரிய குழந்தைகளில் ஒன்று அங்கேயே பிறந்தது. இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர்கள் வரைந்த டாங்கியை இங்கே தயாரிக்க ஏற்பாடு. அது சுமார் 39 டன் எடை. 105 மில்லிமீட்டர் பீரங்கி. விஜயந்தா என்று நாமகரணம் செய்தார்கள். முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1965-ம் வருஷக் கடைசியில் முதல் விஜயந்தா ஆவடியிலிருந்து உருண்டு வெளியே வந்தது.

அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். செப்டம்பரில்தான் பாகிஸ்தானோடு யுத்தம் நடந்து ஓய்ந்திருந்தது. கோதுமைக்கு அமெரிக்கக் கப்பலை எதிர்பார்த்திருந்த தேசம் நாம். சைக்கிள் வாங்க யோசிக்கிற குடும்பங்களிலிருந்து வந்த வாலிபர்கள், அதுவரை டாங்கியைச் சினிமாவில்கூடச் சரியாகப் பார்த்திராதவர்கள், 39 டன் யந்திரத்தைக் கூட்டிச் சேர்த்தார்கள். ஒரு தகட்டுக்கும் இன்னொரு தகட்டுக்கும் நடுவே தலைமயிர் அளவு பிசகினாலும் உள்ளே உட்காருகிற சிப்பாயின் உயிர் போகும் என்று தெரிந்து வேலை செய்தார்கள். என் நண்பர் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பத்து வருஷம் பிற்பாடு. கோபுரத்தை உடம்பின் மேல் இறக்கும்போது கிரேன் டிரைவர் முதல் மேஸ்திரி வரை யாரும் பேசமாட்டார்களாம். "கும்பாபிஷேகத்திலே கலசம் ஏத்தற மாதிரி இருக்கும் சார்" என்றார். டாங்கியின் தலைக்கும் கோபுரம் என்று அவர் சொன்னது என் காதில் இனிமையாக விழுந்தது.

விஜயந்தாவுக்குப் பிறகு ருஷ்ய நாட்டு மாதிரியில் அஜேயா வந்தது; அதற்குப் பிறகு பீஷ்மா. டாங்கிகளுக்குரிய எஞ்சினுக்குத் தனித் தொழிற்சாலை 1980-களில் ஏற்பட்டது. சிப்பாய்களின் உடுப்புத் தைக்கிற தொழிற்சாலை 1960-களிலிருந்து நடக்கிறது. இமயத்தின் பனியில் காவல் நிற்கிற பையனின் சட்டை, கொசுவுக்குப் பேர்போன ஆவடியில் தைத்ததாக இருக்கலாம். அது அவனுக்குத் தெரியாது. தைத்தவளுக்கும் அவனைத் தெரியாது.

எல்லாம் வெற்றி என்று எழுதினால் அது வக்காலத்து அல்ல, விளம்பரம். நம்மவர்களே முழுவதும் வரைந்த அர்ஜுன் டாங்கிக்கு 1974-ல் அனுமதி கிடைத்தது. ராணுவத்தின் கைக்கு அது போய்ச் சேர ஆரம்பித்தது 2004-ல். முப்பது வருஷம்! பாரதத்து அர்ஜுனன் வனவாசமும் அக்ஞாதவாசமும் சேர்த்துப் பதின்மூன்று வருஷம்தான் இருந்தான். பத்திரிகைகள் கேலி செய்ததில் தப்பில்லை. ஆனால் அந்த முப்பது வருஷமும் வரைபடத்தை அழித்து அழித்து எழுதியவர்கள், சோதனை தோற்ற மறுநாள் காலை அதே மின்சார ரயிலில் வேலைக்கு வந்து இறங்கினார்கள். திருத்திய அர்ஜுன் 2021 பிப்ரவரியில் சென்னையில் வைத்து ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே வருஷம் அக்டோபரில், நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, டாங்கிக் கம்பெனியின் தலைமை ஸ்தானம் ஆவடிக்கே வந்தது. தொழிலாளிகள் அந்த மாற்றத்தை எதிர்த்தார்கள். சர்க்கார் தொழில் என்று 1955-ல் தீர்மானம் போட்ட ஊரில் அந்த வாதம் இன்னும் ஓயவில்லை என்பது அதன் சரித்திரத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

"சரி, இதெல்லாம் நேற்றைய கதை. கோயில் உண்டா?" என்பது பெரியவரின் அடுத்த கேள்வி.

2019-ல் ஆவடி மாநகராட்சி ஆயிற்று. அதன் எல்லைக்குள் இருக்கிறது திருமுல்லைவாயில். ரயிலில் வந்தால் ஆவடிக்கு இரண்டு ஸ்டேஷன் முந்தியே வந்துவிடும். பெரியவர் அப்போது மருமானோடு பேசிக்கொண்டிருந்தார். சோழநாட்டில் சீகாழிப் பக்கம் ஒரு முல்லைவாயில் இருப்பதால் இதை வடதிருமுல்லைவாயில் என்பார்கள். குறும்பரோடு போரிட வந்த தொண்டைமானின் யானை, முல்லைக் கொடியில் கால் சிக்கி நின்றதாம். அரசன் வாளால் கொடியை வெட்டினான். உள்ளேயிருந்து ரத்தம் பெருகிற்று. அங்கே ஒரு லிங்கம். பதைத்துப்போன அரசன் அதே வாளால் தன் கழுத்தை அரியத் துணிந்தபோது இறைவன் காட்சி கொடுத்தான். வாள் பட்ட வடுவுக்காக லிங்கத்துக்கு வருஷம் முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தில்தான் அதைக் களைவார்கள். வெட்டுப் பட்ட அந்தச் சுவாமிக்கு நம்முடைய ஜனங்கள் இட்ட பெயர் 'மாசிலாமணி'. காயம் பட்டும் மாசுபடாதவன் என்று அதற்கு நானாகப் பொருள் செய்துகொள்கிறேன்.

இங்கே சுந்தரர் வந்த சந்தர்ப்பத்தைப் பெரிய புராணம் சொல்கிறது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. இருட்டில் தடவிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த முதல் ஊர் இந்த முல்லைவாயில்தான். நல்ல காலத்தில் வருகிறவர்களுக்கு எந்த ஊரும் பெரிய ஊராகத்தான் தெரியும். கெட்ட காலத்தில் வருகிறவனுக்குக் கதவு திறந்த ஊர் இது. பிழைக்க வழியில்லாமல் ஆற்காட்டுச் சீமையிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும், மலையாளத்திலிருந்தும் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினவர்களுக்கு வேலையும் வீடும் கொடுத்த பிற்கால ஆவடியை நினைக்கும்போது, அந்தப் பழக்கம் மண்ணிலேயே இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இன்னும் கொஞ்சம் மேற்கே வந்தால் திருநின்றவூர். பூசலார் நாயனாரின் ஊர். கோயில் கட்டக் காசில்லாமல், மனத்துக்குள்ளேயே செங்கல் வாங்கி, நாள் பார்த்து, அஸ்திவாரம் போட்டு, கோபுரம் எழுப்பிக் கும்பாபிஷேகத்துக்குத் தேதியும் வைத்தார் அவர். அதே தேதியில் காஞ்சீபுரத்தில் பல்லவ அரசன் தன் கற்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தான். "அன்றைக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது, நீ வேறு நாள் பார்த்துக்கொள்" என்று சுவாமி அரசன் கனவில் சொல்லிவிட்டாராம். காஞ்சீபுரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிய குழந்தையிடம் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டும். காஞ்சியை ஒரு நாள் காத்திருக்கச் சொன்ன ஊர் அவளுடைய ஊருக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. பூசலார் இரும்பையோ கல்லையோ தொட்டதில்லை. ஆனாலும் கணக்குப் பிசகாமல் வேலை செய்வது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டிராயிங் ஆபீசில் வேலை பார்க்கிற எவரும் அவரைத் தங்கள் ஜாதி என்று சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவும் போதாது, இன்னும் பழமை வேண்டும் என்கிறவர்களை, எங்கள் ஜில்லாவின் மேற்குப் பக்கம் கொசஸ்தலை ஆற்றங்கரைப் பிரதேசத்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கே அத்திரம்பாக்கம் என்று ஒரு சிற்றூர். பூமியைத் தோண்டித் தாதுப்பொருள் ஆராய்கிற இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர், 1863-ல் முதலில் பல்லாவரத்திலும் அதே வருஷம் அத்திரம்பாக்கத்திலும் ஆதி மனிதனின் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். சரித்திரப் புஸ்தகங்கள் அவற்றுக்கு 'மதராஸ் கோடரி' என்றே பெயர் வைத்தன. எங்கள் ஜில்லாவின் சொத்துக்கும் பட்டணத்தின் பெயர்! பிற்பாடு சாந்தி பப்பு என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் அந்த இடத்தை வருஷக்கணக்காகத் தோண்டிப் பார்த்தார்கள். அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011-ல் வெளியிட்டார்கள். அதே மண்ணில் மேல் அடுக்குகளில் வேறு விதமான, இன்னும் நுட்பமான கருவிகள் 3,85,000 வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டன என்று 2018-ல் அறிவித்தார்கள்.

இந்த விஷயத்தில் என்னைக் கவர்ந்தது ஒரு சின்னச் சொல். ஓர் இடத்தில் ஒரே பாணியில் செய்த கற்கருவிகளை ஆராய்ச்சியாளர்கள் 'இண்டஸ்ட்ரி' என்று சொல்கிறார்கள், அதாவது, தொழில். ஆற்றங்கரையில் உட்கார்ந்து, நல்ல கல்லாகப் பொறுக்கி, எந்தக் கோணத்தில் தட்டினால் எவ்வளவு சில்லு தெறிக்கும் என்று கணக்குப் பார்த்து, ஒரு விளிம்பைக் கூராக்கினானே அந்த ஆதி மனிதன், அவன்தான் எங்கள் பக்கத்து முதல் பிட்டர். உலகத்தின் பெரிய அரண்மனைகளும் கோயில்களும் எழும்புவதற்கு லட்சக்கணக்கான வருஷம் முன்னால் இது தொழில் ஜில்லா. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், ஆவடி டாங்கியும், கும்மிடிப்பூண்டி உலைகளும் அந்த வம்சத்தில் கடைக்குட்டிகள்.

இந்தக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கேதான் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. சென்னையின் மேயராக இருந்து பட்டணத்துத் தாகம் தீர அதற்காகப் பாடுபட்டவர் சத்தியமூர்த்தி. 1944-ல் அணை முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1943-லேயே காலமாகிவிட்டார். கண்ணிழந்த சுந்தரருக்குக் கோல் கொடுத்த திருவெண்பாக்கத்துக் கோயில் அந்த நீருக்குள் மூழ்கிப்போக, சுவாமியை எடுத்து வந்து பூண்டியில் வேறு கோயில் கட்டி வைத்தார்கள். பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக ஒரு பாடல் பெற்ற ஸ்தலத்தையே ஒதுக்கிக்கொள்ளச் சொன்ன ஜில்லா இது. பூண்டி, சோழவரம், புழல் மூன்றும் எங்கள் ஜில்லா ஏரிகள். ரயிலில் அந்தப் பெரியவர் எங்கள் ஊர்ப் பக்கத்தைக் கேலி செய்து முடித்துவிட்டு, தொண்டை வறண்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்த பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார். மயிலாப்பூருக்கு எந்த நாளில் எந்தத் தண்ணீர் வருகிறது என்பது குடிநீர் வாரியத்தாருக்குத்தான் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு மடக்கில் ஒரு மடக்காவது எங்களுடையதாக இருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. குடிக்கிற மனிதரிடம் அதைச் சொல்லிக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

ஆவடியில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறது. கொசு உண்டு; தூசியும் உண்டு. 2011 கணக்கெடுப்பிலேயே மூன்றரை லட்சம் பேரை நெருங்கிவிட்ட ஊருக்கு வேண்டிய வசதிகள் ஜனங்கள் வந்த வேகத்தில் வரவில்லை. இந்தக் குறைகளை யாரும் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் சாக்கடையைச் சரி செய்யச் சொல்வது வேறு, 'உனக்குப் பெயரே கிடையாது' என்பது வேறு. முன்னது ஊரின் மேல் உள்ள அக்கறை. பின்னது அந்த ஊரில் பிறந்த குழந்தையின் வாயிலிருந்து ஊர்ப் பெயரைப் பிடுங்கிக்கொள்கிற காரியம். தன் தாத்தா எங்கே வேலை செய்தார் என்று சொல்லக் கூச்சப்பட்டு, புடவை வாங்கப் போன ஊரைச் சொந்த ஊர் என்று எழுதிக் கொடுக்கிறாள் ஒரு பெண். கேலி பேசிச் சிரித்த யாருக்கும் இந்தச் செலவு கணக்கில் தெரிவதில்லை.

கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் நண்பரிடம் படித்துக் காட்டினேன். டாங்கி விஷயத்தில் நான் ஏதாவது உளறியிருந்தால் திருத்தட்டும் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கடைசி வரை பேசாமல் கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். ஒரே ஒரு இடம். பாகம் பாகமா இங்கேயே செய்யக் 'கற்றுக்கொண்டார்கள்'னு போட்டிருக்கீங்க. 'கற்றுக்கொண்டோம்'னு போடலாமா?"

எழுதியது நான், தொழிற்சாலைக்குள் ஒரு நாளும் காலடி வைக்காதவன். எப்படி அப்படிப் போட முடியும்? ஆகவே அந்த இடத்தை மாற்றவில்லை. ஆனால் பிரதி ஒன்றை அவருடைய பேத்தி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவள் எழுதும்போது அப்படியே போடலாம். அவளுக்கு அந்தப் பாத்தியதை உண்டு.